பெயரோடு ஒரு முகம்

நுழையும்முன்

ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு முகம் உண்டு. ஆனால், ஒவ்வொருவருக்கும் ஓர் உருவப்படம் வாய்த்துவிடுவதில்லை. அடையாள அட்டைக்காக எடுக்கப்பெறும் படம் வேறு. ஒருவரை அமரவைத்து, அவரோடு உரையாடி, அவர் இன்னார் என்பதை ஒளியால் எழுதும் படம் வேறு. எந்த நிறுவனத்தையும் சாராமல், இந்த இரண்டாம் வகைப் படத்தையே தொழிலாகக் கொண்டு வாழ முனைவோரின் கலையையும் கணக்கையும் கடமையையும் இப்பாடம் பேசுகிறது.

கடைத்தெருவும் முகங்களும்

வேலூர்க் கோட்டையின் அகழியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது லாங் பஜார். பெயர் அயல்மொழிப் பெயர். தெருவின் பேச்சிலோ தமிழும் உருதும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கின்றன. விடியற்காலையில் சரக்கு வண்டிகள் வந்து நிற்கும். வெங்காய மூட்டையும் அரிசி மூட்டையும் முதுகுக்கு ஏறும். தலையில் சும்மாடு கட்டியவர்கள், கூட்டத்தினரை விலகச் சொல்லிக் குரல் கொடுத்தபடியே ஓட்டமும் நடையுமாகச் செல்வர். பூக்கட்டும் பெண்களின் விரல்கள் ஒருபுறம். கணக்கு எழுதும் முதியவரின் மூக்குக்கண்ணாடி ஒருபுறம். 1900 ஆம் ஆண்டு ஐடா ஸ்கட்டர் சிறு மருந்தகமாகத் தொடங்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வங்கத்திலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியிருப்போர், கையில் மருந்துச்சீட்டோடும் காய்கறிப் பையோடும் நகரின் தெருக்களில் நடப்பதைக் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல்தொழில் ஊர்களின் மக்களுக்கும் வேலூரே நெடுங்காலம் மாவட்டத் தலைநகராக இருந்தது. 2019 ஆம் ஆண்டு மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னரும் மருத்துவத்திற்கும் சந்தைக்கும் அவர்கள் வருகை குறையவில்லை.

இத்தனை முகங்களில் எத்தனை முகங்களுக்கு உருவப்படம் உண்டு? முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த ஒருவரிடம் அவருடைய படம் இருக்கிறதா என்று கேட்டால், குடும்ப அட்டையையோ வாக்காளர் அட்டையையோ எடுத்து நீட்டுவார். 1993 ஆம் ஆண்டிலிருந்து ஒளிப்படத்துடன் கூடிய வாக்காளர் அட்டை நம் நாட்டில் வழங்கப்படுகிறது. அதில் உள்ள முகம் அரசு அவரை அறிந்துகொள்வதற்கானது. அவர் தம்மை அறிந்துகொள்வதற்கானது அன்று. அவர் இறந்தபின் மாலையிடுவதற்குப் படம் தேடும் பிள்ளைகள், அந்தச் சிறு சதுரத்தையே பெரிதாக்கித் தருமாறு கடைக்காரரிடம் வேண்டுவர். பெரிதாக்கப்பட்ட அந்தப் படத்தில் கண்கள் மங்கியிருக்கும். முத்திரையின் விளிம்பு தோளில் படிந்திருக்கும். தனித்து இயங்கும் உருவப்படக் கலைஞருக்கு வேலூர் போன்ற ஓர் ஊரில் என்ன வேலை இருக்கிறது என்ற வினாவுக்கு விடை இந்த மங்கலான பெரிதாக்கத்திலேயே இருக்கிறது.

மன்னர்களுக்கும் இக்குறை உண்டு. கண்டியின் இறுதி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டான். 1832 ஆம் ஆண்டு இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவிடம் இருக்கிறது. ஓவியர் தீட்டிய உருவங்களும் இருக்கின்றன. ஒளிப்படம் மட்டும் இல்லை. அவன் மறைந்து ஏழாண்டுகள் கழித்தே ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

கல்லில் எழுதிய முகம்

உருவத்தையும் பெயரையும் ஒருங்கே நிலைநிறுத்தும் வேட்கை ஒளிப்படக் கருவியோடு பிறந்ததன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் உருவத்தையும் பெயரையும் செயலையும் பொறிப்பது தமிழர் மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதி நடுகற்கள் புகழ்பெற்றவை. ஆம்பூரிலும் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தைச் சேர்ந்த, அதாவது 9 ஆம் நூற்றாண்டு நடுகற்கள் கிடைத்துள்ளன. ஆநிரை கவர வந்த நுளம்பர் படையை எதிர்த்து மடிந்தோரின் நினைவாக எழுந்தவை அவை.

அக்கற்களில் உள்ள முகங்கள் தனிமனிதச் சாயல் உடையவை அல்ல. வில், வாள், உயர்த்திய கை என்னும் பொது அமைப்பே பெரும்பாலும் காணப்படும். எனினும், அருகில் எழுத்து இருக்கிறது. எழுத்து இருப்பதால் அந்த வீரன் யார் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் அறிய முடிகிறது. முகம் பொதுவாக இருந்தும் பெயரால் ஒருவர் நிலைபெறுகிறார். முகம் நுட்பமாகப் பதிவாகியும் பெயர் இல்லாததால் ஒருவர் தொலைந்துபோகவும் கூடும். இதனை ஒளிப்பட வரலாறு மெய்ப்பிக்கிறது.

ஒளி வந்த வழி

1839 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தாகர் என்பவரின் முறை வெளியிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இக்கலை இந்தியத் துறைமுக நகரங்களை வந்தடைந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850 ஆம் ஆண்டு தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. 1856 ஆம் ஆண்டு சென்னை ஒளிப்படக் கழகம் உருவாயிற்று. அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் பதிவு செய்தார். செலவு மிகுதி என்று கூறி அரசு அப்பணியைச் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டது. கலைக்கு ஒரே புரவலரை நம்பியிருப்பதன் இடர் அன்றே வெளிப்பட்டது எனலாம்.

தெரியுமா?
‘புகைப்படம்’ என்னும் வழக்குச் சொல்லில் உள்ள புகை, பழங்காலத்தில் வெளிச்சத்திற்காக எரிக்கப்பட்ட மக்னீசியப் பொடியின் புகை என்பர் சிலர். நிழற்படம், ஒளிப்படம் ஆகிய சொற்களும் வழங்குகின்றன. ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர்களுக்கு ‘ஒளியால் எழுதுதல்’ என்பது பொருள்.

பின்னர் ஊர்தோறும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றின. மாளிகைத் தூண்களும் மலர்த்தோட்டமும் தீட்டிய திரை, செதுக்கிய நாற்காலி, முக்காலியின்மேல் ஒரு பூச்சாடி, இரவல் கோட்டு, சீப்பு, முகப்பூச்சு மாவு ஆகியவை அங்கே ஆயத்தமாக இருக்கும். திருமணம் முடிந்த தம்பதியர், மொட்டையடிக்கும் முன் குழந்தை, வெளிநாடு செல்லும் மகன், பள்ளி இறுதி வகுப்பை முடித்த தோழியர் ஆகியோர் வாழ்வின் ஒரு திருப்பத்தில் அந்நாற்காலியில் அமர்ந்தனர். உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ படச்சுருளும் பல நிலையங்களின் இருட்டறைகளில் கழுவப்பட்டது. ஒரு சுருளில் இத்தனை படங்கள்தாம் என்ற அளவு இருந்தமையால், ‘அசையாதீர்கள்’ என்ற சொல்லுக்கு அன்று மதிப்பிருந்தது.

பாரதியாரின் ஒளிப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரா.அ. பத்மநாபன் தேடித் தொகுத்து 1957 இல் வெளியிட்ட ‘சித்திரபாரதி’ இத்துறையில் ஒரு மைல்கல். தமிழகத்துச் சுவர்களிலும் நூலட்டைகளிலும் நாள்தோறும் காணும் பாரதியின் முறுக்கிய மீசையும் முண்டாசும் அந்தச் சில படங்களிலிருந்து பிறந்தவையே. ஆனால், அவற்றை எடுத்தவர் யாவர் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விடைகூற இயலாது. படத்தில் இருப்பவரின் பெயர் அழிவது ஓர் இழப்பு என்றால், படத்தை எடுத்தவரின் பெயர் அழிவது மற்றோர் இழப்பு.

பழைய நிலையங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் பல இடங்களில் குப்பையாயின. அவற்றில் படிந்திருந்த வெள்ளிக்காக விற்கப்பட்டவையும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களின் எஞ்சிய படங்களைத் தேடி எண்ம வடிவில் காத்துள்ளனர். அப்படங்களில் உள்ளோர் பலர் யார் என்பதைச் சொல்ல இன்று ஆளில்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு தொடக்கம்

தனித்த உருவப்படக் கலைஞர் என்னும் பெயருக்கு உலக அளவில் முற்பட்ட சான்றுகளுள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நிலையில், 1863 ஆம் ஆண்டு இறுதியில் மகளும் மருமகனும் ஒரு ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கற்பிக்க ஆசிரியர் எவரும் உடனில்லை.

அன்றைய முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காயும் முன்னரே படமெடுத்து, காயும் முன்னரே கழுவவும் வேண்டும். அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். கேமரன் முகத்தை மிக அருகில் வைத்து, பக்கவாட்டில் விழும் ஒளியில் எடுத்தார். விளிம்புகள் மென்மையாகக் குழைந்திருந்தன. அன்றைய ஒளிப்படக் கழகத்தினர் அதனைத் திறமைக்குறைவு என்று இகழ்ந்தனர். அவர் தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அதே வேளையில் வணிகத்தையும் அவர் மறக்கவில்லை. தம் படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார், இலண்டன் விற்பனையாளர் வழியாகப் படிகளை விற்றார், அருங்காட்சியகத்திற்கும் கொடுத்தார். டார்வின், கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்றும் அவருடைய படங்கள் வழியாகவே உலகம் நினைவுகூர்கிறது.

இந்த வரலாற்றில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. கேமரனின் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 ஆம் ஆண்டு குடும்பம் இலங்கைக்குப் பெயர்ந்தது. 1879 இல் அங்கேயே அவர் மறைந்தார். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காடு வழியே கால்நடையாகச் சென்று காப்பித் தோட்டங்களில் உழைத்த மக்கள் வாழ்ந்த காலம் அது. அங்கு அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் நிற்கின்றனர். முகத்தின் கண்ணியம் குறையவில்லை. ஒளியின் நேர்த்தியும் குறையவில்லை. ஆனால், டென்னிசனுக்கும் டார்வினுக்கும் இருந்த பெயர் இவர்களுக்கு இல்லை. களுத்துறை உழவர்கள் என்று தலைப்பிட்ட ஒரு படத்தின் குறிப்பில் சிறுமிக்கு வயது 12 என்றும், தாம் நூறு வயதினர் என முதியவர் கூறினார் என்றும் காணப்படுகிறது. வயது கேட்டு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் கேட்டு எழுதப்படவில்லை.

கேட்க அதிக நேரம் ஆகியிருக்காது.

படுக்கை விரிப்பே பின்திரை

இனி, கடைத்தெருக் கலைஞர் ஒருவரைக் காணலாம். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் வாழ்ந்தவர் செய்து கெய்த்தா. தச்சு வேலை கற்றவர். 1935 ஆம் ஆண்டு சிற்றப்பன் வாங்கிவந்த சிறு கருவியில் படமெடுக்கப் பழகினார். 1948 இல் சொந்த நிலையம் தொடங்கினார். அவருடைய முதற்பின்திரை அவர் வீட்டுப் படுக்கை விரிப்பு. படத்தகட்டின் விலை மிகுதி என்பதால், ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படந்தான் எடுப்பார். ஆகவே, அழுத்தும் முன் தோளை எப்படித் திருப்புவது, கையை எங்கு வைப்பது என்று நெடுநேரம் பார்ப்பார். முற்றத்தில் கிடைத்த பகலொளியே அவருக்குப் பெரும்பாலும் விளக்கு. வந்தவர்கள் அணிந்துகொள்ளக் கைக்கடிகாரமும் கோட்டும் வைத்திருந்தார். வானொலிப் பெட்டியும் இருந்தது. தமிழக நிலையங்களின் இரவல் கோட்டு இங்கே நினைவுக்கு வரலாம்.

1960 களின் தொடக்கத்தில் அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டு அவர் நிலையத்தை மூடினார். தகடுகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1990 களில், உலகின் பெரிய கலைக்கூடங்கள் அவற்றைத் தேடி வந்தன. தகடுகள் இருந்தன, பல முகங்களின் பெயர்கள் இல்லை. கடைத்தெருவில் நாள்தோறும் செய்யும் தொழிலே கலையாகவும் உயரக்கூடும் என்பதற்கு அவர் சான்று. பதிவேடு வைக்காத தொழிலுக்கும் அவரே சான்று.

தெருவே படப்பிடிப்புக் கூடம்

வாடகைக்கு இடம் எடுக்க இயலாத இளங்கலைஞர் ஒருவர் லாங் பஜாரிலேயே தொழில் தொடங்குவதாகக் கொள்வோம். அவருக்குத் தேவையான முதற்பொருள் அங்கே விலையின்றிக் கிடைக்கிறது. நண்பகல் வெயில் தலைக்குமேல் விழும்போது கண்குழிகள் கறுத்துவிடும். மூக்கின் நிழல் உதட்டில் படியும். அதே வேளையில் ஒரு மளிகைக் கடையின் வாசலுக்குள் இரண்டடி எடுத்துவைத்தால், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் மெதுவாகப் பரவும். பின்னால் இருக்கும் இருண்ட கிடங்கு தானே பின்திரையாகும். வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிழற்பக்கம் பிடித்தால் மறுகன்னமும் தெளியும். தெருவின்மேல் கட்டிய நீலத் தார்ப்பாயின்கீழ் மட்டும் நிற்கவைத்தல் ஆகாது. முகத்தில் நீலம் ஏறிவிடும்.

முகத்திற்கு மிக அருகே அகன்ற வில்லையைக் கொண்டு சென்றால் மூக்கு பெருத்து, காதுகள் ஒடுங்கும். கைப்பேசியால் அருகிலிருந்து எடுக்கும் படங்கள் பலரைக் காயப்படுத்துவது இதனால்தான். ஏறத்தாழ ஆறடி விலகி நின்று, சற்றே நீண்ட குவியத் தொலைவுடைய வில்லையைப் பயன்படுத்தினால் முகம் தன் அளவில் நிற்கும். மேலும், கருவியின் தானியங்கி அளவி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே காட்ட முயலும். இருண்ட கிடங்கின் முன் நிற்பவரின் முகத்தை அது தேவைக்குமேல் வெளுக்கச் செய்யும்; வெளிறிய வானத்தின் முன் நிற்பவரைக் கரியாக்கும். எனவே, முகத்தை மட்டும் அளந்து ஒளியை முடிவு செய்தல் வேண்டும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். பழைய நிலையங்களில் பென்சிலால் தகட்டைத் திருத்தி முகத்தை வெளுப்பாக்கினர். இன்று கணினி அதனை நொடியில் செய்கிறது. வாடிக்கையாளர் விரும்புகிறார் என்பது விளக்கமாகக் கூறப்படும். வெயிலில் உழைத்த ஒருவரின் கருமையை அழித்துத் தரும் படம் அவருடைய படம் அன்று; அவர் வேறொருவராக இருந்திருக்கலாம் என்று அவரிடமே கூறும் படம். பருவை நீக்குவது ஒப்பனை. நிறத்தை நீக்குவதை அப்பெயரால் அழைத்தல் தகாது. கருமையின் செம்மையும் நீலமும் ஒளிரும்படி எடுக்கத் தெரிந்தவரே தமிழ்நாட்டில் தேர்ந்த உருவப்படக் கலைஞர் எனப்படுவார்.

முகம் இறுக்கம் தளர நேரம் பிடிக்கும். கருவியைக் கண்டதும் எவரும் நிமிர்ந்து நின்று மூச்சை அடக்குவர். அது பொய்முகம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குதல் முறையன்று. தம்மை எவ்வாறு காட்ட விரும்புகிறார் என்பதை அவரே தேர்ந்து நிற்கும் நிலை அது. முதலில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, பின்னர் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது, இன்று விலை எப்படி என்று பேச்சுக்கொடுத்தால், இரண்டாவது முகம் வெளிப்படும். இரண்டு படங்களையும் காட்டி எது வேண்டும் என்று கேட்பது கலைஞரின் கடமை. பெரும்பாலும் முதற்படத்தையே அவர் விரும்புவார். அதனை ஏற்றுக்கொள்ளும் பணிவும் இத்தொழிலில் வேண்டும்.

கணக்கும் சட்டமும்

தனித்தொழில் செய்வோர் பலர் வீழ்வது ஒளியில் அன்று, கணக்கில். எடுத்துக்காட்டாக, கருவியும் வில்லையுமாக 90,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்தாண்டுகள் பயன்படுத்துவதாகக் கொண்டால், மாதம் 1,500 ரூபாய் கருவியின் தேய்மானமாகவே கழிகிறது. மாதத்தில் முப்பது உருவப்படங்கள் எடுப்பவருக்கு ஒவ்வொரு படத்திலும் 50 ரூபாய் கருவிக்கு உரியது. இதனோடு பயணம், கணினி, மின்சாரம், அச்சுத்தாள் ஆகியவை சேரும். படமெடுக்க ஒருமணிநேரம் எனில், தேர்ந்தெடுக்கவும் திருத்தவும் இரண்டுமணிநேரம் ஆகலாம். இவற்றையெல்லாம் கூட்டிய பின்னரே விலை சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் தொகையைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்வது தொழில் உத்தி அன்று. அடுத்த கருவி வாங்க வேண்டிய நாளில் அது தெரியவரும். திருமணம், பள்ளிக் குழுப்படம், கடைகளுக்கான பொருட்படம் ஆகிய வேலைகளால் வயிற்றைக் காத்து, வாரத்தில் ஒருநாளை உருவப்படத்திற்கென ஒதுக்கி வளர்ந்தவர்களே மிகுதி. அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

சட்டத்தையும் அறிதல் நலம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி, ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். ஆனால், ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே. ஆகவே, வாடிக்கையாளரின் படத்தைத் தம் விளம்பரத்திற்குப் பயன்படுத்த விரும்புபவர் அதனை முன்னரே எழுத்தில் பெறுதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒளிப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் உள்ள அதே காலம் இது.

கலைஞர் தாமே விரும்பி, பணம் பெறாமல், தெருவில் ஒருவரை எடுத்தால் பதிப்புரிமை கலைஞருக்கு உரியது. முகம் அவருக்கு உரியதன்று. மூட்டை தூக்குபவர் வலியால் முகம் சுளிக்கும் நொடியைத் தொலைவிலிருந்து எடுத்துப் பரிசு பெறுவோரும் உளர். அப்படம் தம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அந்தத் தொழிலாளி ஒருபோதும் அறியமாட்டார். மருத்துவமனைப் பகுதியில் நோயோடும் கவலையோடும் நடப்பவர்களைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இசைவு பெற மொழி தெரியவில்லை என்பது காரணமாகாது. எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினால், அவர் தலையசைப்பது எதற்கு என்பது எந்த மொழியினருக்கும் விளங்கும்.

மீன்கடையிலிருந்து ஒரு பார்வை

இக்காலத் தமிழகத்தில் இவ்வழியில் நடப்போருள் ஒருவர் எம். பழனிக்குமார். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவர். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தாயின் மகன். பொறியியல் படித்தவர். கருவி கையில் வந்ததும் அவர் தேடிச் சென்றது அழகிய நிலக்காட்சிகளை அன்று, உழைப்பவர்களை. 2017 இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் பணியாற்றினார். கையால் மலம் அள்ளும் கொடுமையால் உயிரிழந்தோரின் குடும்பங்களை, குறிப்பாகக் குழந்தைகளை, தொடர்ந்து படமெடுத்தார். இராமநாதபுரம் கடலில் மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றிய அவருடைய படக்கட்டுரை பலரால் பேசப்பட்டது. 2022 ஆம் ஆண்டு தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது. இன்று அவர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் ஒளிப்படக்கலை கற்பித்து வருகிறார். படமெடுக்கப்படுவோர் என்ற இடத்திலிருந்து படமெடுப்போர் என்ற இடத்திற்கு அவர்கள் நகர்கின்றனர்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தில் ‘முகங்கள்’ என்றொரு தொகுப்பு உண்டு. இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் மக்களின் முகங்களைச் சேர்ப்பது அதன் நோக்கம். நேராகக் கருவியைப் பார்க்கும் முகம். அதன்கீழ் பெயர், தொழில், ஊர். ஒப்பனையோ வருணனையோ இல்லை. நடுகல்லில் இருந்தது இதுதான். களுத்துறைப் படத்தில் இல்லாமற்போனதும் இதுதான்.

தோல்தொழில் ஊர்களின் முகங்கள் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. பாலாற்று நீர் மாசுபட்டதும், அதன்பொருட்டு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஏடுகளில் உள்ளன. ஏற்றுமதிக் கணக்கும் உள்ளது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துத் தூக்குபவரின் கைகளும், விடியலில் நிறுவனப் பேருந்து ஏறி ஆம்பூரின் காலணித் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் பெண்களின் முகங்களும் அவ்வேடுகளில் இல்லை. தாம் தைக்கும் காலணி எந்த நாட்டுக் கடைக்குச் செல்கிறது என்பதை அப்பெண்களுள் பலர் அறிவர். அந்தக் கடையில் அதனை வாங்குபவர், தைத்தவர் முகத்தை அறியார். ஞாயிற்றுக்கிழமை பகலில், தொழிற்கூடச் சீருடையின்றித் தமக்குப் பிடித்த சேலையில், வீட்டு வாசற்படியின் நிழலொளியில் அவர்களை அமரச்செய்து எடுப்பதற்கு இப்பகுதிப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் எவர்?

எடுத்த படத்தைக் கைப்பேசியில் அனுப்புவதோடு நில்லாமல், ஒரு படியேனும் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது தேர்ந்த கலைஞரின் வழக்கம். கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும். தாள் பெட்டியடியில் கிடந்தாவது பிழைக்கும். அச்சிட்ட படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் நாள், ஊர், தொழில், பெயர் ஆகியவற்றைக் குறிப்பர். பேனா மை நாளடைவில் மறுபுறம் ஊறிவிடும். பெயரை மட்டும் தாமாக எழுதிவிடுவதில்லை. தலைப்பெழுத்து தந்தையுடையதா, தாயுடையதா என்று கேட்பர். உருதுப் பெயராயின், எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும் கேட்பர். எழுதத் தெரிந்தவர் எனில், பென்சிலை அவரிடமே கொடுத்துவிடுவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்து, அதில் இருப்போர் பெயர், எடுக்கப்பட்ட ஊர், ஆண்டு, சூழல் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி, படத்துடன் பாதுகாத்து வைக்க.

2. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் உழைக்கும் ஒருவரின் இசைவைப் பெற்று, அவருடைய உருவப்படத்தை எடுத்து, அவரே கூறியவாறு அவரைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக. அவருக்கு ஒரு படியை நேரில் அளிக்க.

3. ‘வாடிக்கையாளர் விரும்பினால் முகத்தின் நிறத்தை மாற்றித் தரலாம்’ என்னும் கருத்தின்மீது வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.